கரவனுக்குத் தேசிக்காயா, பாலா

திங்கள், ஜூன் 2

குளிர். இங்கே ஜூன் குளிர்காலம். கார்க் கண்ணாடியில் பனி. அப்பா கேத்திலில் சுடுதண்ணீர் கொண்டுபோய் ஊற்றினார். கண்ணாடி வெடிக்கும் என்று அண்ணா எத்தனை தரம் சொல்லியும் கேட்பதில்லை.

வெள்ளிக்கிழமை கணக்குச் சோதனை. ஒன்றும் படிக்கவில்லை.

இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் அண்ணா. ஆங்கிலத்தில் எழுதினால் எடுத்து வாசிப்பான். தமிழ்ப் பள்ளிக்கூடத்தை நாலாம் வகுப்போடு விட்டவன். அம்மா, அப்பா கண்டால் சனிக்கிழமை வகுப்புக் கொப்பி என்று நினைப்பார்கள். மட்டையில் 'கட்டுரை' என்று பெரிதாக எழுதியிருக்கிறேன்.

கரவன் வந்து மூன்று நாள். காரில் கொளுவி இழுத்துக்கொண்டு போய் உள்ளே படுக்கிற வண்டி. அப்பா பிறப்பதற்கு முன்னே செய்த கரவன். பென்ரித்துக்கு அங்கால் ஒரு வெள்ளைக்காரக் கிழவரின் கொட்டிலில் நின்றதாம். வெளியே அலுமினியம், பக்கத்தில் மங்கிப்போன பச்சைக் கோடு. உள்ளே எல்லாம் பலகை. செம்மஞ்சள் திரைச்சீலை, அதில் வெள்ளைப் பூ. இரண்டு அடுப்பு. மடித்தால் கட்டிலாகிற மேசை. நனைந்த புத்தக மணம், எலி மணம். இழுப்பறைக்குள் ஒரு முள்ளுக்கரண்டி. கதவின் உள்பக்கம், என் இடுப்பு உயரத்தில், யாரோ ஒரு பிள்ளை ஒட்டிய கோலாக் கரடி ஸ்ரிக்கர்.

எனக்குப் பிடித்திருக்கிறது. அதுதான் கஷ்டம்.

பின்பக்கமாகத் தள்ளி வாசலில் விட்டிருக்கிறார்கள். அதன் பின்சுவர் எங்கள் குசினி ஜன்னலை அப்படியே மறைக்கிறது. குசினி இருட்டு. பகலிலும் லைற். குப்பைத்தொட்டி ஒரு அடி தள்ளி நின்றாலே கத்துகிற அம்மா இதற்கு ஒன்றும் சொல்லவில்லை. ஏன்?

இரவுச் சாப்பாட்டில் அப்பாவுக்கும் அண்ணாவுக்கும் வாக்குவாதம். அண்ணா செவன் ஹில்ஸில் வெல்டிங் பழகுகிறான், வார இறுதியில் மண் பாதைகளில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறான். உள்ளே இருக்கிற எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு, பின்சுவரை வெட்டி, கீழே சாய்கிற கதவாகப் போட வேண்டும் என்கிறான். பைக்குகளை உருட்டி ஏற்றலாம். அப்பாவுக்கு இருந்தபடியே திருத்த வேண்டும்.

"அம்பது வருசம் நிண்ட சாமான். அதை வெட்ட உனக்கு எப்பிடிக் கை வருகுது?"

"அம்பது வருசம் உக்கின சாமான், அப்பா."

அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

எனக்குச் சந்தேகமாக இருப்பவை:
அப்பாவுக்குக் கூடாரம், காடு எதுவும் பிடிக்காது. பள்ளிக்கூடத்தில் காம்ப் போகக் கேட்டபோது, வீட்டில் கட்டில் இருக்க ஏன் நிலத்தில் படுக்கிறாய் என்று கேட்டவர்.
நாங்கள் நாலு பேரும் ஒன்றாக எங்கும் போய் இரண்டு வருசம்.
கரவனுக்கு அப்பா தேசிக்காய் வைக்கவில்லை. வெள்ளைக் காருக்கு வைத்தார். அண்ணாவின் மோட்டார் சைக்கிளுக்கு வைத்தார். என் சைக்கிளுக்குக்கூட, சில்லுக்குக் கீழே இரண்டு தேசிக்காய் வைத்து, கற்பூரம் காட்டி, நசித்துக்கொண்டு போகச் சொன்னார், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பார்க்கப் பார்க்க. கரவனுக்கு மட்டும் இல்லை. வாகனம் என்றால் ஏன் இல்லை?

செவ்வாய், ஜூன் 3

ருக்சியிடம் சொன்னேன். என் வகுப்பு. மன்னார்க்காரர். அவளுடைய அப்பா போன வருசம் வீட்டை விட்டுப் போனார். அவளுக்கு இந்த விசயம் எல்லாம் தெரியும்.

அவள் சொன்னது: ஒரு நாளில் போகமாட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் போவார்கள். முதலில் வேலை கூடிப்போகும். பிறகு ஒரு புதுப் பொழுதுபோக்கு வரும். அவளுடைய அப்பாவுக்குத் தூண்டில். பிறகு சாமான் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். "தலையணை எங்க இருக்கெண்டு பாத்துக்கொள்" என்றாள். சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள். தலையணை போனால் ஆளும் போனமாதிரியாம்.

பிறகு எனக்கு விஞ்ஞான பாடம் ஒன்றும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து கரவனுக்குள் போய்ப் பார்த்தேன். அப்பா பென்சிலால் சுவரில் கோடு போட்டிருக்கிறார். மேசைக் கட்டிலைக் கழற்றிச் சாத்தி வைத்திருக்கிறார். அது இரண்டு பேர் படுக்கிறது. அதற்குப் பதிலாகப் பக்கச் சுவரோடு ஒடுக்கமாக ஒரு கட்டில் வரப் போகிறது. நான் கோட்டுக்குள் படுத்துப் பார்த்தேன். ஒரு ஆளுக்குத்தான் இடம். அந்த ஆள் என்னைவிட உயரம்.

ஒரு ஆள்.

வியாழன், ஜூன் 5

மழை வரப் போகிறது என்றார்கள், வரவில்லை. கணக்கு கொஞ்சம் படித்தேன்.

எழுதி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் நானே நம்பமாட்டேன். ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் அப்பாவும் ஒரு கலியாண வீட்டுக்கு ஒன்றாகக் காரில் போனார்கள். அம்மா காரில் திரும்பி வந்தார். அப்பா ரெயினில் வந்தார். என்ன நடந்தது என்று யாரும் சொல்லவில்லை. அதிலிருந்து அப்பா ஹோலில் செற்றியில் படுக்கிறார். கேட்டால், அம்மாவுக்கு இரவு வேலை, விடிய வந்து படுக்கிற ஆளைக் குழப்பக்கூடாது என்பார். அம்மா முதியோர் இல்லத்தில் வேலை. ஆனால் வேலை இல்லாத நாட்களிலும் அப்பா செற்றியில்தான்.

அவர்கள் பேசுவது என் மூலம்.

"அப்பாட்டைச் சொல்லு, காருக்கு சேர்விஸ் வந்திட்டுது."

"அம்மாட்டைச் சொல்லு, தெரியும்."

அடுத்தடுத்த கதிரையில் இருந்துகொண்டு. அண்ணா ஒருமுறை, இவளுக்குச் சம்பளம் குடுங்கோ என்றான். யாரும் சிரிக்கவில்லை.

இன்று வென்ட்வேர்த்வில் கடையில் அம்மாவும் நானும். இடியப்ப மா, கருவேப்பிலை, மாசிக் கருவாடு. காசாளர் அன்ரி கேட்டார்: "புதுக் கரவனாம். ஹொலிடே போறியளோ?"

அம்மா சிரித்தார். நல்ல சிரிப்பு, பல் தெரிகிற சிரிப்பு. "ஓம், பிள்ளையளோட கொஞ்சம் சுத்துவம் எண்டு."

காருக்குள் ஏறியதும் சிரிப்பு இல்லை.

அப்படியென்றால் அம்மாவுக்கும் தெரியும். இரண்டு பேரும் சேர்ந்து எதையோ மறைக்கிறார்கள். ஒன்றாகச் செய்கிற ஒரே வேலை இதுதான்.

சனி, ஜூன் 7

மூன்று நாள் லீவு. கணக்குச் சோதனை மோசம். தமிழ் வகுப்புக்குப் போகவில்லை, தடிமன் என்று சொன்னேன்.

அப்பாவும் அண்ணாவும் பின்சுவரின் உள்பலகையைக் கழற்றினார்கள். அடியில் மரச்சட்டம் முழுக்க உக்கல். அண்ணா விரலால் குத்தினான், நனைந்த கேக் மாதிரி விரல் உள்ளே போனது. அவனுக்குச் சந்தோசம். பின்பக்கம் எப்படியும் போய்விட்டது, மரத்துக்குப் பதில் இரும்புச் சட்டம் தானே அடித்துத் தருகிறான், கதவும் அதிலேயே வரும். அப்பா ஒவ்வொரு மரத்துண்டாக மாற்றலாம் என்றார். பின்சுவரைத் திறந்தால் கூரை தாங்காது, பதிவு எடுக்க எஞ்சினியரின் கடிதம் கேட்பார்கள் என்றார். எல்லாம் விசாரித்து வைத்திருக்கிறார். அப்பா ஒரு விசயத்தை இவ்வளவு விசாரித்து நான் பார்த்ததில்லை.

அண்ணா என்னைக் கூப்பிட்டான். "நீ சொல்லு. வெட்டுறதோ, வைக்கிறதோ?"

நான் யோசித்துத்தான் சொன்னேன். மோட்டார் சைக்கிள் நிற்கிற இடத்தில் கட்டில் வராது. பெற்றோல் மணத்துக்குள் ஒருவரும் குடியிருக்க முடியாது. கரவன் கரவனாக இருந்தால் அப்பா போவார். வெட்டினால் போக முடியாது.

"வெட்டுங்கோ" என்றேன்.

அப்பா கையில் இருந்த திருகாணிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நீயுமோ பிள்ளை? உனக்கு இந்தத் திரைச்சீலை விருப்பமெல்லே."

விருப்பம்தான். நான் வீட்டுக்குள் போய்விட்டேன்.

ஞாயிறு, ஜூன் 8

மழை, நாள் முழுக்க. கரவனின் கூரை இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. அப்பா வாளி வைத்திருக்கிறார்.

அம்மா என்னிடம் தேத்தண்ணி தந்து, கொண்டுபோய்க் கொடு என்றார். யாருக்கு என்று சொல்லவில்லை. தெரியும்தானே.

அப்பா புது காஸ் சிலிண்டரைப் பூட்டி அடுப்பைப் பற்றவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நீல நெருப்பு. ஒடுக்கக் கட்டில் முடிந்துவிட்டது. அப்பாவின் முகம் நல்லாயிருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வீட்டுக்குள் இல்லாத முகம்.

"இதில ரேடியோ வைச்சா நல்லாயிருக்கும், என்ன?" என்று கேட்டார்.

ஹொலிடேக்குப் போகிறவருக்கு ரேடியோத் தட்டு எதற்கு?

"நாங்கள் நாலு பேரும் எங்க படுக்கிறது அப்பா?"

வாளிக்குள் சொட்டு விழுகிற சத்தம். அப்பா தேத்தண்ணியை ஊதினார். சூடே இல்லை, நான் மெல்ல நடந்து வந்ததில் ஆறிவிட்டது.

"அது பாப்பம்" என்றார்.

திங்கள், ஜூன் 9

லீவு. மழை விட்டுவிட்டது.

கதவைச் சாத்திவிட்டு எழுதுகிறேன்.

எல்லாருக்கும் முதல் எழும்பிவிட்டேன் என்று நினைத்தேன். அம்மா வேலையால் வந்து படுத்துவிட்டார். அப்பா செற்றியில், போர்வை தலைவரை. குசினிச் சுவரில் தொங்கிய கரவன் திறப்பை எடுத்துக்கொண்டு போய்ப் பூட்டைத் திறந்தேன். ஒழுக்கு எவ்வளவு என்று பார்க்க. உண்மையில் கட்டிலில் தலையணை வந்துவிட்டதா என்று பார்க்க.

தலையணை இல்லை. ஆனால் அடுப்பு.

இடதுபக்க அடுப்பைச் சுற்றிப் பால். பொங்கி வழிந்து, காய்ந்து, ஓரம் கறுத்து. கரிந்த பால் மணம் இன்னும் இருந்தது. அடுப்புக்குப் பின்னால் தகரத்தில் குங்குமம், ஒரு விரல் அளவு. பக்கத்தில் எரிந்த நெருப்புக்குச்சி.

இந்த வீட்டுக்கு வந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. சாமான் லொறி வெளியே நிற்கிறது. எல்லாருக்கும் பசி. பால் காய்ச்சும்வரை ஒரு கதிரைகூட உள்ளே வரக்கூடாது என்று அம்மா நின்றார். வெறும் குசினி, ஒரு பானை, ஒரு பக்கெற் பால். பால் மேலே வரும்போது அண்ணா அடுப்பை நிற்பாட்ட ஓடினான். அம்மா அவன் கையைப் பிடித்து வைத்திருந்தார். பொங்கி வழிய வேண்டும். வழிந்தால்தான் அது வீடு.

வாகனத்துக்குத் தேசிக்காய். வீட்டுக்குத்தான் பால்.

அப்பா குடிபோகிறார். எங்கே கொண்டுபோய் நிறுத்துவாரோ தெரியாது. நாள் பார்த்து, நேரம் பார்த்து, நாங்கள் நித்திரையாக இருக்கும்போது பால் காய்ச்சியிருக்கிறார். ஒளிந்து காய்ச்சியிருக்கிறார். அவ்வளவு நிச்சயம் அவருக்கு.

பின்னேரம் அண்ணாவிடம் சொன்னேன்: அப்பா ஓம் என்றுவிட்டார், வெட்டட்டாம்.

"அப்பாவோ? உண்மையாவோ?"

"ஓம். தான் நிண்டு பாத்தா மனம் கேக்காதாம். தான் வேலைக்குப் போன நேரம் வெட்டட்டாம்."

இவ்வளவு நல்லாகப் பொய் சொல்வேன் என்று எனக்கே தெரியாது. அண்ணா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அவன் நம்பினானா, நம்ப விரும்பினானா தெரியவில்லை. புதன் அவனுக்கு லீவு.

புதன், ஜூன் 11

பள்ளிக்கூடத்தால் வரும்போது தெருமுனையிலேயே சத்தம். அண்ணாவின் கிரைண்டர். ஓடினேன்.

நீலச் சுண்ணாம்பால் பின்சுவரில் பெரிய சதுரம் கீறியிருந்தான். அலுமினியம் பொறி பறக்காது, வெள்ளித் தூள்தான் பறக்கும். அவனுடைய தலைமயிர், கண்ணாடி, சப்பாத்து எல்லாம் வெள்ளி. மேல்கோடு முழுக்க வெட்டி, ஒரு பக்கம் பாதிவரை இறக்கிவிட்டான். தகரம் காது மாதிரி வெளியே மடிந்து தொங்கியது. அதற்குள்ளால் செம்மஞ்சள் திரைச்சீலை தெரிந்தது.

அம்மா வெளியே வந்தார். நித்திரையால் எழும்பி, தலை கலைந்து, குளிர்ந்த சீமெந்தில் வெறுங்காலோடு. கிரைண்டருக்கும் கரவனுக்கும் நடுவில் வந்து நின்றார். அண்ணா பயந்து நிறுத்தினான்.

"என்ன செய்யிறாய்?"

"அப்பா ஓம் எண்டவர்."

"எப்ப சொன்னவர்?"

அண்ணா என்னைப் பார்த்தான். அம்மாவும் என்னைப் பார்த்தார்.

"நான் பால் காய்ச்சின இடமடா இது" என்றார் அம்மா.

நான்: "நீங்களோ? அப்பா இல்லையோ?"

"அவருக்குப் பால் காய்ச்சத் தெரியுமே? பானையையும் எரிச்சுப்போட்டு அடுப்பையும் எரிச்சிருப்பார்."

அம்மா தொங்கிய தகரத்தைக் கையால் பிடித்து, பழைய இடத்தில் வைத்து அழுத்தினார். விட்டதும் அது திரும்ப மடிந்தது. திரும்பவும் அழுத்தினார். பிறகு எங்களைப் பார்க்காமல், அந்தத் தகரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அப்பா லிட்கமில ஒரு அறை பாத்து வைச்சவர். திறப்பும் வாங்கிப்போட்டார். நான்தான் மறிச்சனான். வீட்டுக்குள்ள ஒண்டா இருக்க எனக்கு ஏலாது, ஆனா பிள்ளையளின்ர கண்ணில படாத இடத்துக்குப் போகாதேங்கோ, வாசலில இருங்கோ எண்டு. ஊருக்கு அது கரவன். அவருக்கு ஒரு இடம். இதையும் வெட்டினா அவர் எங்க போறது?"

அண்ணா கிரைண்டரை நிலத்தில் வைத்தான். அதன் தட்டு இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

பால் ஏன் காய்ச்சினீர்கள் என்று கேட்டேன். பால் காய்ச்சாத இடத்தில் ஒரு மனுசன் எப்படிப் படுக்கிறது என்று திருப்பிக் கேட்டுவிட்டு அம்மா உள்ளே போனார். கால் பாதம் இரண்டிலும் வெள்ளித் தூள்.

அப்பா இருட்டிய பிறகு வந்தார். கார் வெளிச்சம் கரவனுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டு நின்ற தகரத்தில் விழுந்தது. எஞ்சினை நிற்பாட்டாமல் அப்படியே கொஞ்ச நேரம் இருந்தார். அண்ணா போனான். "அவசரப்பட்டிட்டன் அப்பா" என்றான். என் பெயரைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? பிறகு எப்போதாவது சொல்லப் போகிறானா?

அப்பா காரால் இறங்கினார். அகல ஒட்டு ரேப் எடுத்து வெட்டை ஒட்டினார். காற்றுக்கு அது படபடவென்று அடித்துக்கொண்டிருக்கிறது. இங்கே கேட்கிறது.

லிட்கம் திறப்பு இன்னும் அவரிடம் இருக்கும்.

வெள்ளி, ஜூன் 13

ருக்சியிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவள் கேட்டாள். நல்லாயிருக்கு என்றேன்.

காலையில் செற்றியில் தலையணை இல்லை. போர்வையும் இல்லை. காரும் இல்லை.

பள்ளிக்கூடம் முழுக்க அதே நினைவு. மத்தியானம் சாப்பிடவில்லை. நான் சொன்ன பொய்யால்தான் வெட்டு. வெட்டால்தான் தலையணை போனது. கேட்டால் சொல்லப் பயம், சொல்லாவிட்டால் இன்னும் பயம்.

வீட்டுக்கு வந்து பையைக்கூட வைக்காமல் கரவனுக்குப் போனேன். பூட்டு. திறப்பு குசினிச் சுவரில் இல்லை. பின்பக்கம் போய் ரேப்பின் ஓரத்தை நகத்தால் கிளப்பி, வெட்டுக்குள்ளால் பார்த்தேன்.

ஒடுக்கக் கட்டில். மடித்த போர்வை. அதற்கு மேல் தலையணை, அந்த நீல உறையோடு.

அங்கேயே தகரத்தில் தலையை வைத்துக்கொண்டு நின்றேன். நல்ல குளிர்த் தகரம்.

சனி, ஜூன் 14

வெயில். தமிழ் வகுப்பில் உண்மையாகவே கட்டுரை எழுதச் சொன்னார்கள். தலைப்பு 'என் வீடு'. பாதிப் பக்கம்தான் எழுதினேன்.

நேற்று இரவு அப்பா அங்கே படுத்தார். காலையில் பல் தீட்ட வீட்டுக்குள் வந்தார். யாரும் ஒன்றும் நடக்காத மாதிரி. அண்ணா மட்டும் தள்ளி நின்று வழி விட்டான், விருந்தாளிக்கு விடுகிற மாதிரி. அப்பா அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். கொஞ்சம் பலமாக.

வெட்டை என்ன செய்வது என்று இரண்டு பேரும் பின்னேரம் முழுக்க நின்றார்கள். புதுத் தகரம் வைத்து ஒட்டினால் பொருத்து ஒழுகும் என்றான் அண்ணா. வெட்டினது வெட்டினதுதான், சதுரத்தைச் சிறிதாக்கி, இரும்புச் சட்டம் அடித்து ஒரு ஜன்னல் வைத்துவிடலாம். அப்பா, இந்தக் கரவனுக்குப் பின்னால் ஜன்னல் இருந்ததில்லை என்றார். இருந்தபடியே இருக்க வேண்டும் என்றார். அண்ணா, இருந்தபடி இனி ஒண்டும் இல்லை அப்பா என்றான். மெதுவாகத்தான் சொன்னான். அப்பா வெட்டின ஓரத்தை விரலால் தடவினார்.

பிறகு அப்பா உள்ளே போய், வெட்டுக்குள்ளால் வெளியே பார்த்தார். நேரே எதிரில் எங்கள் குசினி ஜன்னல். அம்மா லைற் போட்டுக்கொண்டு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தால் அப்பாவைக் காணலாம். நிமிரவில்லை.

அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"அம்மாட்டைக் கேள், இதில ஜன்னல் வைக்கட்டோ எண்டு. வேண்டாமெண்டா மூடிவிடுறன்."

இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கார் நிற்கிற தூரம்கூட இல்லை. அம்மாவுக்குக் கேட்டிருக்கும். இருந்தாலும் நான் வாசலால் சுற்றி, சப்பாத்தைக் கழற்றி, குசினிக்குப் போய்ச் சொன்னேன்.

அம்மா கத்தியை நிறுத்தவில்லை. ஒரு வெங்காயம் முடித்து, அடுத்ததை எடுத்தார். தோல் உரித்தார். நான் நின்றேன். வேண்டாம் என்றுதான் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"திறக்கிற ஜன்னலாப் போடச் சொல்லு" என்றார். "நுளம்பு வலையோட."